வெப்பத்துக்கு ஒரு மறுகால்

ஒர்க்‌ஷாப்பில் கை கறுக்க உழைத்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வந்திருக்கும் மெக்கானிக் தம்பிகளே, புளியரை ஏற்றத்தில் நாள்தோறும் ஸ்டீயரிங் பிடிக்கும் ஓட்டுநர் அண்ணன்மாரே! சூப்பர்சார்ஜர் பூட்டிய காரின் இண்டர்கூலரைக் குளிரவைக்கும் ஏற்பாட்டை வீட்டிலேயே மேம்படுத்துவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சாரல் விழும் தென்காசியில் குளிர்ச்சியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் ஊரே குளிர்ந்து கிடக்கும்போதுகூட, ஐந்தருவிப் பாதையில் வரிசையில் நிற்கும் ஒரு காரின் பானெட்டுக்கு அடியில் காற்று கொதித்துக்கொண்டிருக்கலாம். ஏன் என்று புரிந்துகொண்டால், எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று இரண்டும் புரிந்துவிடும். பெரிய பாகத்தை வாங்கிப் பூட்டுவதற்குப் பெயர் மேம்பாடு என்று பலர் நம்புகிறார்கள். வெப்பம் வெளியேறும் வழியில் எந்த இடம் அடைபட்டிருக்கிறது என்று அளந்து கண்டுபிடித்து, அந்த இடத்தைத் திறந்துவிடுவதே மேம்பாடு என்பது என் கட்சி. இந்த ஒரு வாதத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதலில் இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்த எல்லோருக்கும் விடை தெரியும். பத்து இருபது முறை அழுத்தியதும் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். இயற்கையின் இந்தக் கணக்கிலிருந்து எவருக்கும் தள்ளுபடி கிடையாது. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் கிராங்க் சுழற்சியிலிருந்து பெல்ட் வழியாக விசை வாங்கி, காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளும் பம்புதான். டர்போவும் அதே வேலையைச் செய்கிறது; பெல்ட்டுக்குப் பதில் புகையின் வேகம் அதைச் சுழற்றுகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகாற்று எந்திரத்தின் வழித்தோன்றல்தான் இன்று கார்களில் இருக்கும் பல சூப்பர்சார்ஜர்கள். 1921இல் மெர்சிடிஸ் அந்த முறையைச் சாலைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. சரி, நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே 35 டிகிரி. சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றை எட்டு, ஒன்பது பிஎஸ்ஐ அளவுக்கு நெருக்குகிறது. வெளியே வரும் காற்று எத்தனை டிகிரி இருக்கும்? ஐம்பதா? அறுபதா? நூறு டிகிரியை ஒட்டி இருக்கும். சூடான காற்று விரிந்த காற்று. விரிந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு. நூறு டிகிரிக் காற்றை ஐம்பதுக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். இறக்கவில்லை என்றால் பெட்ரோல் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும்; அந்தத் தட்டலை உணர்ந்ததும் எஞ்சினின் கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றும்; ஓட்டுநர் இறங்கிவந்து "வண்டியில் புல்லிங் இல்லை" என்பார். புல்லிங் எங்கும் போய்விடவில்லை, அண்ணே. வெப்பம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது.

இந்த வெப்பத்தை இறக்கத்தான் இண்டர்கூலர். அதில் இரண்டு வகை. முன் பக்கத்துக் காற்றே நேராக வந்து குளிர்விப்பது ஒரு வகை. புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லி ஏற்றிப் போகும் டிப்பர்களிலும், பாவூர்சத்திரத்துக் காய்கறியோடு மலை ஏறும் பிக்கப் வண்டிகளிலும் பெரும்பாலும் இதுதான். மற்றொரு வகையில் நடுவே தண்ணீர் இருக்கும். சூடான காற்று தன் வெப்பத்தைத் தண்ணீரிடம் கொடுக்கும். ஒரு சிறிய மின்பம்ப் அந்தத் தண்ணீரைப் பம்பருக்குப் பின்னால் இருக்கும் தனி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். அங்கே வெளிக்காற்று அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆடியின் 3.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சினில் சூப்பர்சார்ஜரின் கூட்டுக்குள்ளேயே இப்படிப்பட்ட இண்டர்கூலர்கள் உட்கார்ந்திருக்கின்றன. இது ஏதோ புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். 1942இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் வந்த இரண்டடுக்கு மெர்லின் எஞ்சினுக்கும், இரண்டு முறை நெருக்கிய காற்றைத் தணிக்கத் தனித் தண்ணீர்ச் சுற்று ஒன்று இருந்தது. சூப்பர்சார்ஜர் கார்கள் தென்காசியில் எத்தனை இருந்துவிடப் போகின்றன என்று கேட்பீர்கள். பழைய வண்டிச் சந்தைக்கு வரும் மெர்சிடிஸ் கம்ப்ரஸர், ஜாகுவார், ரேஞ்ச் ரோவர் என்று எண்ணினால் குறைவுதான். ஆனால் டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா கார்களின் 1.0 டிஎஸ்ஐ டர்போ எஞ்சினிலும் இண்டர்கூலரைக் குளிர்விப்பது தண்ணீரே. ஆகவே இது ஒரு சில செல்வந்தர்களின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

தண்ணீர்ச் சுற்றின் உள்விவகாரத்தைப் புரிந்துகொள்ளப் பொறியியல் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை, நம் குளங்களைப் பார்த்தாலே போதும். குளத்துக்கு வரத்துக்கால் உண்டு, மடை உண்டு, மறுகால் உண்டு. வரத்து மிகுந்த நாளில் குளத்தைக் காப்பாற்றுவது எது? கரையின் உயரமா? கரை எவ்வளவு உயர்ந்தாலும் வரத்து நிற்காவிட்டால் ஒரு நேரம் உடைந்துதான் தீரும். மறுகால் பாய்ந்தால்தான் குளம் பிழைக்கும். இங்கே வெப்பம்தான் வரத்து. சுற்றில் உள்ள தண்ணீர்தான் குளம். முன்பக்க ரேடியேட்டர்தான் மறுகால். இப்போது வரத்தை அளப்போம். இருநூறு குதிரைத்திறன் எஞ்சின் முழு விசையில் வினாடிக்குச் சுமார் 150 கிராம் காற்றை இழுக்கும். அந்தக் காற்றை 50 டிகிரி இறக்க வேண்டுமானால், நொடிதோறும் எடுக்க வேண்டிய வெப்பம் ஏழரை கிலோஜூல், அதாவது ஏழரை கிலோவாட். வீட்டில் வாளித் தண்ணீரில் போடுகிறோமே, 1500 வாட் ஹீட்டர் கம்பி, அதில் ஐந்தை ஒரே நேரத்தில் அந்தச் சின்னச் சுற்றுக்குள் போட்டதற்குச் சமம். சுற்றில் நான்கு லிட்டர் தண்ணீர் இருந்து, மறுகால் முழுக்க அடைபட்டிருந்தால், ஒரே நிமிடத்தில் தண்ணீர் 27 டிகிரி ஏறிவிடும். ஒரே நிமிடம்! புளியரை எஸ் வளைவைத் தாண்டிக் கோட்டைவாசல் போய்ச் சேர ஒரு நிமிடமா ஆகிறது?

இங்கேதான் முதல் எதிர்ப்புக் குரல் எழும். அப்படியானால் தொட்டியைப் பெரிதாக்கிவிடலாமே, நான்கு லிட்டருக்குப் பத்து லிட்டர் வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம். ஒரு நிமிடத்தில் நடப்பது இரண்டரை நிமிடத்தில் நடக்கும், அவ்வளவுதான். பெரிய குளம் நிறையவும் நேரமாகும், வடியவும் நேரமாகும் என்பதை மறக்கக் கூடாது. ஒருமுறை சூடேறிவிட்டால் பத்து லிட்டர் ஆறுவதற்கும் அதே அளவு கூடுதல் காலம் பிடிக்கும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் தொட்டியில் ஐஸ் போடுகிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். ஏழரை கிலோவாட் வரத்துக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும்? நாற்பத்தைந்து விநாடி. கால் மைல் பந்தயம் அதற்குள் முடிந்துவிடும், ஐஸ் அங்கே சரிதான். தென்காசியிலிருந்து புனலூர் போகிறவருக்கு ஐஸால் என்ன பயன்? சேமிப்பு நேரத்தை வாங்கித் தரும், வெளியேற்றத்தை வாங்கித் தராது.

ஆகவே அளக்க வேண்டும். எதை அளப்பது? மூன்றே மூன்று எண்கள். வெளிக்காற்றின் வெப்பம் ஒன்று. சுற்றில் ஓடும் தண்ணீரின் வெப்பம் ஒன்று. எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம் ஒன்று. கடைசி எண்ணைப் பார்க்க ஓபிடி பிளக்கில் செருகும் சிறிய புளூடூத் கருவியும் கைப்பேசியும் போதும். அந்த வெப்பத்தை அளக்கும் உணரி இண்டர்கூலருக்குப் பின்னால் இருக்கிறதா என்று மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் குறிப்பில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், முன்னால் இருந்தால் எண் ஏமாற்றும். தண்ணீரின் வெப்பத்தைத் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியால் பார்க்கலாம். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நீட்டினால் அது தவறாகக் காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் நீட்டுங்கள். இந்த மூன்று எண்களுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. நோய் எங்கே என்பதை அந்த இடைவெளிகளே சொல்லிவிடும். வெளிக்காற்று 28, தண்ணீர் 55, உள்ளே போகும் காற்று 62 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கும் உள்காற்றுக்கும் ஏழு டிகிரிதான் வித்தியாசம். இண்டர்கூலர் தன் வேலையைச் செய்கிறது. வெளிக்காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே 27 டிகிரி! மறுகால் அடைபட்டிருக்கிறது. இப்போது மாற்றிப் பாருங்கள்: வெளியே 28, முன்பக்க ரேடியேட்டரின் குழாயில் தண்ணீர் 33, உள்காற்று 62. தண்ணீர் குளிர்ந்தே இருக்கிறது, ஆனால் அந்தக் குளிர்ச்சி காற்றைப் போய்ச் சேரவில்லை. பம்ப் சுற்றவில்லை, அல்லது ஏர்லாக் ஆகியிருக்கிறது, அல்லது இண்டர்கூலருக்குள் படிந்திருக்கிறது. இரண்டு வண்டிக்கும் உள்காற்று ஒரே 62தான். ஒரே அறிகுறிக்கு ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று பிழைக்கும், மற்றொன்றுக்குப் பணம்தான் போகும்.

முதல் இடைவெளி அகன்றிருந்தால் என்ன செய்வது? காற்றைப் பற்றித் தென்காசிக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைகிறவரைக் காற்று தள்ளுகிறதே, அது எதனால்? சுற்றிலும் சுவர் தடுக்கிறது. திறப்பு ஒன்றுதான் இருக்கிறது. தடுக்கப்பட்ட காற்றெல்லாம் அந்தத் திறப்பை நாடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்க, ஆரியங்காவுக் கணவாய் மட்டும் திறந்திருப்பதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் பாய்ந்து வருகிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகள் அதனால்தான் சுழல்கின்றன. காரின் முன்பக்கத்திலும் இதே விதிதான். ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் இடையே இரண்டு விரல் சந்து இருந்தால், காற்று மெல்லிய தகடுகளுக்குள் நுழைந்து கஷ்டப்படாது. சந்து வழியாக நழுவிப் பின்னால் போய்விடும். அந்தச் சந்துகளை வெப்பம் தாங்கும் நுரைப்பட்டையால் அடைத்து, காற்றுக்கு ஒரே வாசல் வைத்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு; பெரிய ரேடியேட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அதற்கும் முன் பம்பரைக் கழற்றித் தகடுகளைப் பாருங்கள். டிப்பர்களின் பின்னால் போன வண்டியில் எம்-சாண்ட் தூசியும், பூச்சியும், இலையும், பாலித்தீன் துண்டும் படிந்திருக்கும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பாய்ச்சினால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் போய்விடும். தோட்டத்து ஹோஸ் பைப்பால், பின்பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவாகக் கழுவுங்கள். மடங்கியவற்றைச் சீப்பு போன்ற கருவியால் நிமிர்த்துங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் இடைவெளி குறையவில்லை என்றால் அப்போது பெரிய ரேடியேட்டர் வாங்குவது நியாயம். வாங்கும்போதும் தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே ஓடை ஐந்தாகப் பிரிந்து விழுவதால்தானே ஐந்தருவியில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் நனைய முடிகிறது? வெப்பத்துக்கும் பரப்புதான் முக்கியம். அகலமும் உயரமும் தரும் பரப்பில் ஒவ்வொரு அங்குலமும் புதுக்காற்றைச் சந்திக்கும்; தடிமனில் பின்வரிசைக்கு வந்து சேருவது முன்வரிசை சூடாக்கி அனுப்பிய காற்று. அதற்கும் பின்னால் ஏசி கண்டென்சரும் எஞ்சின் ரேடியேட்டரும் காத்திருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். அவற்றின் மூச்சையும் அது அடைத்துவிடும். சீசன் வரிசையில் நத்தைபோல் நகரும்போது எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் பயன் தராது, ஏனென்றால் அங்கே காற்றோட்டமே இல்லை. சாரல் காற்று 25 டிகிரியில் இருந்தும் பானெட்டுக்குள் கொதிப்பதன் காரணம் இதுவே. அங்கே தேவைப்படுவது ஃபேன் உரிய நேரத்தில் சுற்றுகிறதா என்ற சோதனை. எப்போதும் மெதுவாகவே ஏற வேண்டிய வண்டிக்கு ஒரு சிறிய கூடுதல் ஃபேன் நல்லது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அதே ஃபேன் காற்றின் குறுக்கே நிற்கும் தட்டியாகிவிடும், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது இடைவெளிக்கு வருவோம். பெரிய பம்ப் போட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்கு என்ன சொல்கிறது? ஏழரை கிலோவாட் வெப்பத்தை நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் சுமந்தால், அந்தத் தண்ணீர் இண்டர்கூலரைக் கடப்பதற்குள் 21 டிகிரி ஏறும். பத்து லிட்டர் ஓடினால் 11. இருபது லிட்டர் ஓடினால் ஐந்தரை. முதல் இரட்டிப்பில் பத்து டிகிரி லாபம். அடுத்த இரட்டிப்பில் ஐந்து. அதற்கடுத்ததில் மூன்றுகூடத் தேறாது. அதாவது பம்ப் தளர்ந்துபோன வண்டிக்கு நல்ல பம்ப் பெரும் வரம். ஏற்கெனவே நன்றாக ஓடும் வண்டிக்கு இன்னும் பெரிய பம்ப் வீண். ஆகையால் வாங்கும் முன் சுற்றுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பம்பைத் தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். எல்லா வண்டியிலும் பம்ப் எப்போதும் ஓடுவதில்லை, எஞ்சின் கம்ப்யூட்டர் தேவைப்படும்போதுதான் ஓட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் வேலை பார்த்துக் கூலன்ட் ஊற்றியவர்களை மிகுதியும் ஏமாற்றுவது ஏர்லாக். சுற்றின் உச்சியில் ஒரு காற்றுக் குமிழ் தங்கிவிட்டால், பம்ப் தன் இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர் நகராது. சுற்றின் உயர்ந்த இடத்திலிருந்து, காற்றுத் திருகைத் திறந்துவைத்து, குமிழ் நிற்கும்வரை பொறுமையாக நிரப்புங்கள். எஞ்சின் முழுக்க ஆறியபின் மட்டும் மூடியைத் திறங்கள். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். இதை மூன்று முறை வேண்டுமானாலும் சொல்வேன். அழுத்தக் காற்றுக் குழாய்களின் கிளாம்ப் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் முக்கிப் பார்ப்பதுபோலத்தான். கசிந்து போகும் காற்றை எவ்வளவு குளிர வைத்தும் என்ன பயன்?

அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அதைவிடத் தூய்மை எது, அதையே ஊற்றினால் என்ன என்று இந்த ஊரில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். அன்பால் எழும் கேள்வி. ஆனால் என் பதில்: கூடாது. குடிக்கச் சிறந்த தண்ணீரிலும் கரைந்த உப்புகள் உண்டு, கரைந்த ஆக்சிஜன் உண்டு. அலுமினியத்தைக் காக்கும் அரிமானத் தடுப்பு மருந்து அதில் கிடையாது. போர் தண்ணீரின் கடினத்தைச் சொல்லவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகைக் கூலன்ட்டும்தான் முறை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் அரசன். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தால் அந்தத் திறன் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையும். பனி உறையும் நாட்டில் அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். தென்காசியில் தண்ணீர் உறைவதில்லை. ஆகவே கூலன்ட் தயாரிப்பாளர் அனுமதிக்கும் மிகக் குறைந்த விகிதத்தில் கலக்கலாம். அதற்குக் கீழே போனால் தடுப்பு மருந்தும் நீர்த்துவிடும். ஆனால் இந்தச் சுற்றும் எஞ்சின் சுற்றும் ஒரே தொட்டியைப் பகிர்ந்துகொள்ளும் கார்களும் உண்டு. அவற்றில் எஞ்சினின் தேவைதான் முதல், விகிதத்தில் கைவைக்காதீர்கள்.

இனி, எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம். கம்பெனியில் இருக்கும் பொறியாளர்களுக்குத் தெரியாததா? அவர்கள் வடிவமைத்ததில் நாம் ஏன் கை வைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். முக்கால் பங்கு ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கழுவுங்கள், அடையுங்கள், நிரப்புங்கள், சோதியுங்கள் என்று சொல்லிவிட்டு, வாங்குவதைக் கடைசியில் வைத்தேன். இவற்றில் பெரும்பகுதி வடிவமைப்பைப் பழைய நிலைக்கு மீட்கும் வேலை. மீதிக் கால் பங்கில்தான் எனக்கு வேறுபாடு. பொறியாளர் ஒரே காரைப் பனிநாட்டுக்கும் பாலைக்கும் சேர்த்து, விலைக்கும் பம்பரின் அழகுக்கும் கட்டுப்பட்டு வடிவமைக்கிறார். சுமையோடு இந்த மலைப்பாதையில் அடிக்கடி ஏறுகிறவரின் தேவை அந்தச் சராசரியிலிருந்து விலகியிருக்கக்கூடும். விலகியிருக்கிறதா என்று சொல்ல வேண்டியது ஆசை அல்ல, அந்த மூன்று எண்கள். ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ச்சி கிடைத்துவிட்டது என்ற துணிச்சலில் சின்ன புல்லி மாட்டி அழுத்தத்தைக் கூட்டுவது வேறு விவகாரம். அது எஞ்சினின் ஆயுளையும் புகையையும் வாரண்டியையும் தொடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ, தயாரிப்பாளர் குறித்த பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நான் இன்று பேசியது உள்ள சக்தியை இழக்காமல் காப்பதைப் பற்றி மட்டுமே.

கீழே இறக்கும் பழைய கூலன்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; நாயும் கன்றும் குழந்தையும் சுவைத்துவிடக்கூடும்; சிறிதளவே உயிரைக் குடிக்கும். அதைத் தெருவிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் கடைசியில் சிற்றாற்றுக்குத்தான் போய்ச் சேரும். அந்த ஆற்றின் தண்ணீரில்தான் நம் வயல்கள் விளைகின்றன. மூடி உள்ள கேனில் பிடித்து, மேலே பெயர் எழுதி, கழிவு எண்ணெயைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

அடுத்த வாரம் கொல்லம் பக்கம் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். செங்கோட்டை தாண்டியதும் மூன்று எண்களையும், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கோட்டைவாசலில் வண்டியை ஓரங்கட்டி, அதே மூன்றையும் மறுபடி எழுதுங்கள். பம்பரைக் கழற்றிக் கழுவி, சந்துகளை அடைத்த பிறகு, அதே சுமையோடு, ஏறத்தாழ அதே நேரத்தில், அதே பாதையில் இன்னொரு முறை ஏறி எழுதுங்கள். அந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.